மருவும் புற்றும்: அச்சம் ஓரிடத்தில், ஆபத்து வேறிடத்தில்

கொச்சித் துறைமுகத்தை அடுத்த மட்டாஞ்சேரி, மிளகு வணிகத்தால் உலகறிந்த ஊர். கொங்கணியர், குஜராத்தியர், கட்சி மேமன்கள், மலையாளிகள் ஆகியோருடன் தமிழர்களும் அங்கு தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். பக்கத்திலுள்ள ஃபோர்ட் கொச்சியில் சலவைத் தொழில் செய்யும் வண்ணார் குடும்பங்களின் வீட்டு மொழி தமிழ். பாலத்தைக் கடந்தால் வில்லிங்டன் தீவை ஒட்டிய வாத்துருத்தியில் தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்துக் குடியிருக்கின்றன. இத்தகைய துறைமுக ஊர்கள் மீது பழங்காலம் தொட்டே ஓர் அவதூறு உண்டு. கப்பல் வரும் இடத்தில் பால்வினை நோயும் வரும் என்பதே அது. அந்த அவதூறு இன்றும் ஊர்களை விட்டு நீங்கவில்லை. அதன் சுமையைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

பிறப்புறுப்பில் மரு தோன்றிவிட்ட ஒரு பெண்ணின் நிலையை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். முதலில் அவள் அதை யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் கணவன் சந்தேகிப்பான், அல்லது கணவனை அவள் சந்தேகிக்க நேரும். முகத்திலும் கழுத்திலும் மரு வந்தால் வைத்தீஸ்வரன் கோயிலில் உப்பும் மிளகும் செலுத்துவதாக வேண்டிக்கொள்ளும் சமூகத்தில், இந்த மருவுக்கு நேர்ந்துகொள்ளவும் வாய் வருவதில்லை. சுண்ணாம்பு தடவிப் புண்ணாக்கிக்கொள்பவர் உண்டு. சுவரொட்டியில் தொலைபேசி எண் தரும் போலி மருத்துவரிடம் பணத்தைத் தொலைப்பவர் உண்டு. இத்தனைக்கும் நடுவே "இது புற்றாக மாறிவிடுமா?" என்ற கேள்வி மட்டும் இரவும் பகலும் உடனிருக்கிறது.

அக்கேள்விக்கு மருத்துவ அறிவியல் தெளிவாகவே விடை சொல்லியிருக்கிறது. பொதுவாக மாறாது என்பதே அந்த விடை. ஆனால் அதோடு கதை முடிந்துவிடுவதில்லை.

மருவுக்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் காரணமாக இருப்பது மனிதப் பாப்பிலோமா வைரஸ் என்ற ஒரே குடும்பம். அக்குடும்பத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. அவற்றில் சுமார் நாற்பது பிறப்புறுப்புப் பகுதியைத் தாக்குபவை. 6, 11 என எண்ணிடப்பட்ட இரு வகைகளே பிறப்புறுப்பு மருக்களில் ஏறத்தாழ 90 சதவீதத்துக்குக் காரணம். இவை தோலின் மேற்பரப்பில் பெருகுமே தவிர, உயிரணுவைப் புற்றாக்கும் திறன் மிகக் குறைந்தவை. கருப்பைவாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்தை விளைவிப்பவை 16, 18 ஆகிய வேறு இரு வகைகள். அவை மருவை உண்டாக்குவதில்லை. வலியையோ அரிப்பையோ தருவதுமில்லை. கண்ணுக்குத் தெரிந்து அச்சுறுத்தும் வகை பெரும்பாலும் கொல்லாது. கொல்லும் வகை கண்ணுக்குத் தெரியாது. மருவைக் கண்டு நடுங்கும் பெண் பரிசோதனைக்கு வரத் தயங்குவதும், எந்த அடையாளமும் இல்லாத பெண் தனக்கென்ன என்று இருந்துவிடுவதும் இதனால்தான்.

கருப்பைவாய்ப் புற்றுக்கு வைரஸே காரணம் என்று நிறுவிய ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1970களில் அவர் ஆய்வைத் தொடங்கியபோது மரு வைரஸின் வழியாகவே புற்றைத் தேடினார். மருவில் கிடைத்த வகைகள் புற்றுத் திசுவில் பொதுவாகக் காணப்படவில்லை. குடும்பம் ஒன்றுதான், வகைதான் வேறு என்று தெளிந்து, 1980களின் தொடக்கத்தில் 16ஆம் வகையையும் 18ஆம் வகையையும் அவரது குழு புற்றுத் திசுவிலிருந்தே பிரித்தெடுத்தது. இன்று வீடுகளில் நிலவும் குழப்பம் ஒரு காலத்தில் ஆய்வுக்கூடத்திலும் இருந்ததுதான்.

இருப்பினும் மரு வந்தவர் அதைத் துச்சமாகத் தள்ளிவிடவும் முடியாது. ஒரே வழியில் பரவும் வைரஸ்கள் ஒன்றுடன் ஒன்று சேர்ந்தே உடலுக்குள் நுழையக்கூடும். 6ஆம் வகை வந்த இடத்தில் 16ஆம் வகையும் இருக்கலாம். டென்மார்க்கில் பிறப்புறுப்பு மரு கண்டறியப்பட்ட பல்லாயிரம் பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு, அவர்களிடையே ஆசனவாய், பெண்குறி, ஆண்குறி முதலிய இடங்களில் புற்று தோன்றும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று காட்டியது. மரு என்பது புற்றின் விதையன்று. ஆனால் கதவு ஒருமுறை திறந்திருந்தது என்பதற்கான அறிகுறி. எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் சுமார் ஆறு மடங்கு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேலும், சிபிலிஸ் நோயின் ஒரு கட்டத்தில் தோன்றும் தடிப்பு மருவைப் போலவே தோற்றமளிக்கும். இரத்தப் பரிசோதனை இன்றி இரண்டையும் பிரித்தறிவது கடினம். சுண்ணாம்பு தடவுவதில் உள்ள கேடு இதுவே.

கணவன் மனைவி சந்தேகத்துக்கும் இங்கு ஒரு சொல் தேவை. இந்த வைரஸ் உடலில் பல மாதங்கள், ஏன் ஆண்டுகள்கூட, அடையாளமின்றி இருக்கக்கூடியது. ஆகவே மரு தோன்றிய நாளை வைத்து, தொற்று எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல இயலாது. உடலுறவு கொண்ட ஆண், பெண் இருபாலரில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் இவ்வைரஸ் தொற்றுகிறது. அவர்களில் பத்தில் ஒன்பது பேர் உடலில் ஓரிரு ஆண்டுகளில் அது தானாகவே அழிந்துபோகிறது. அழியாமல் தங்கிவிடும் சிலருக்கே பத்து, இருபது ஆண்டுகள் கழித்துப் புற்று வருகிறது. இத்தனை பரவலான ஒன்றை ஒழுக்கக்கேட்டின் சான்றாக்கினால் குற்றவாளிக் கூண்டில் நாடே நிற்க வேண்டியிருக்கும்.

துறைமுகத்தின் மீதான பழியும் புள்ளிவிவரத்தின் முன் நிற்பதில்லை. தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கருப்பைவாய்ப் புற்று நாட்டிலேயே மிக அதிகமாகக் காணப்பட்ட இடம் அருணாசலப் பிரதேசத்தின் பபும்பாரே மாவட்டம். வயதுக்கேற்பத் திருத்திய விகிதம் அங்கு ஒரு லட்சம் பெண்களுக்கு 27.7. அது கடலையே காணாத மலை மாவட்டம். கடலோரக் கேரளத்தின் திருவனந்தபுரம், கொல்லம் பதிவேடுகளோ குறைந்த விகிதங்களின் வரிசையில் உள்ளன. பெண் கல்வி, பிந்திய திருமணம், குறைந்த பிரசவங்கள், எளிதில் எட்டும் மருத்துவமனை ஆகியவை இதற்குக் காரணங்கள். கப்பல் எங்கு நிற்கிறது என்பதைவிட, பெண் எத்தனை வயதில் தாயாகிறாள், நோய் வந்தால் எத்தனை தொலைவு நடக்கிறாள் என்பதே கணக்கைத் தீர்மானிக்கிறது.

ஆனால் விகிதம் குறைவு என்பது கேரளத்துக்கு ஆறுதல் தரலாம். வாத்துருத்தியின் தமிழ்ப் பெண்ணுக்குத் தராது. அவள் பிறந்து வளர்ந்த ஊர் வேறு, மணமான வயது வேறு. மாநில சராசரி அவளுக்குப் பொருந்துவதில்லை. வேலைக்காக இடம் மாறுபவள் இங்கும் பதிவில் இல்லை, அங்கும் பதிவில் இல்லை. 2022ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் 1,27,526 பெண்களுக்கு இந்நோய் வந்தது. 79,906 பேர் உயிரிழந்தனர். நாள்தோறும் இருநூறுக்கு மேற்பட்டோர். முன்கூட்டியே கண்டால் முற்றிலும் தடுக்கத்தக்க நோயில் இத்தனை மரணம்.

முன்கூட்டியே காண்பதற்கு என்ன வேண்டும்? பெரிய கருவி எதுவும் வேண்டாம் என்று உலகுக்கு மெய்ப்பித்தது தமிழகத்தின் ஒரு சிற்றூர். திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையில், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் பணியாற்றிப் பின்னர் உலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்புக்குச் சென்ற மருத்துவர் சங்கரநாராயணன் தலைமையிலான குழு ஒரு பெரும் ஆய்வை நடத்தியது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களின் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தனர். சமையலறை வினிகரும் ஏறத்தாழ இதுவேதான். கெட்டுப்போன திசு ஒரு நிமிடத்தில் வெளுத்துத் தெரியும். வெளுத்த இடத்தைக் குளிரூட்டி அழிக்கும் சிகிச்சையும் உடனே அளிக்கப்பட்டது. நோய் 25 சதவீதமும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன என்று 2007இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. தமிழக அரசு அதே காலத்தில் தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோடித் திட்டமாகத் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் இச்சோதனையை விரிவுபடுத்தியது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில், இன்று தாராசிவ் என்று பெயர் மாறியுள்ள அந்த வறண்ட நிலத்தில், வைரஸையே கண்டறியும் சோதனையை வாழ்நாளில் ஒரே ஒருமுறை செய்தாலும் மரணம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று 2009இல் தெரியவந்தது.

உலகம் இந்தச் சான்றுகளை எடுத்துக்கொண்டது. இந்தியா? மத்திய அரசு 2016இல் 30 முதல் 65 வயதுவரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இச்சோதனையைச் செய்ய வேண்டும் என வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 30 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் எப்போதாவது ஒருமுறை இச்சோதனை செய்துகொண்டவர்கள் 1.9 சதவீதம் மட்டுமே. தமிழகம் 9.8 சதவீதத்துடன் முன்னணியில் நின்றது. பத்தில் ஒருவருக்குக்கூட எட்டாத ஒன்று முன்னணி என்று கொண்டாடப்படும் அளவுக்கு நாட்டின் நிலை இருந்தது. எழுத்தறிவிலும் சுகாதாரத்திலும் முதலிடம் பேசும் கேரளமும் இதில் தமிழகத்துக்குப் பின்னால்தான் இருந்தது. 2025 பிப்ரவரி 4 அன்று கேரள அரசு "ஆரோக்யம் ஆனந்தம், அகற்றாம் அர்புதம்" என்ற புற்றுநோய்ப் பரிசோதனை இயக்கத்தைத் தொடங்கி, முதற்கட்டத்தில் பெண்களுக்கு முன்னுரிமை அளித்தது. வரவேற்கத்தக்கது, தாமதமானதும்கூட. கொச்சிக்கென ஒரு புற்றுநோய் மையம் வேண்டும் என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தம் முதிர்ந்த வயதிலும் குரல் கொடுத்துப் போராட வேண்டியிருந்ததை அந்நகரம் மறந்திருக்காது.

இனித் தடுப்பூசி. இதைப் பற்றிப் பேசும்போது கம்மத்தைத் தாண்டிச் செல்ல முடியாது. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும், பாத் என்ற அமெரிக்க அமைப்பு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடனும் மாநில அரசுகளுடனும் இணைந்து சிறுமிகளுக்கு இத்தடுப்பூசியைச் செலுத்தியது. ஏழு சிறுமிகள் இறந்தனர். பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிக்கொல்லி, காய்ச்சல் எனக் காரணங்கள் வேறு; ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று விசாரணைக் குழு கூறியது. ஆனால் கம்மத்தில் பழங்குடிச் சிறுமிகளின் ஒப்புதல் படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தது வெளிவந்தது. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையான சொற்களில் இதைக் கண்டித்தது. கண்டனம் முற்றிலும் நியாயமானது. ஏழையின் மகள் என்பதால் கேட்காமலே ஊசி போடலாம் என்று கருதியது அறிவியலின் குற்றமன்று, அதிகாரத்தின் குற்றம். ஆனால் அதிகாரத்தின் குற்றத்துக்காக ஊசி தண்டிக்கப்பட்டது. பத்தாண்டுக்கும் மேலாக எந்த மத்திய அரசும் அந்தக் கோப்பைத் தொடத் துணியவில்லை.

இதில் ஒரு விசித்திரமும் நேர்ந்தது. அதே 2010ஆம் ஆண்டு உத்தரவால், அம்பிளிக்கை உள்ளிட்ட பல மையங்களில் நடந்துகொண்டிருந்த வேறோர் ஆய்வும் பாதியில் நின்றது. மூன்று டோஸ் பெற வேண்டியவர்களில் பலர் ஒரே ஒரு டோஸுடன் நின்றனர். ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். ஒரே டோஸ் பெற்றவர்களுக்கும் 16, 18 வகைகள் நிலைத்துத் தங்குவதற்கு எதிராக ஏறத்தாழ 95 சதவீதப் பாதுகாப்பு இருந்தது என 2021இல் வெளியான முடிவு கூறியது. கென்யாவில் நடந்த ஆய்வும் இதையே உறுதி செய்தது. ஒரு டோஸே போதுமானதாக இருக்கலாம் என்று 2022இல் உலக சுகாதார அமைப்பு ஏற்றது. நின்றுபோன இந்திய ஆய்வின் மீதிதான் ஏழை நாடுகள் அனைத்துக்கும் செலவைக் குறைத்துக் கொடுத்தது.

அதன்பின் தில்லி மெதுவாக அசைந்தது. 2022 ஜூலையில் சீரம் நிறுவனத்தின் 'செர்வாவாக்' தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது. விலை 200 முதல் 400 ரூபாய்க்குள் இருக்கும் என்று அந்நிறுவனத்தின் தலைவர் அதார் பூனாவாலா கூறினார். 2023இல் தனியார் சந்தைக்கு வந்தபோது ஒரு டோஸின் விலை 2,000 ரூபாய். 2024 பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் இடைக்கால நிதிநிலை அறிக்கையில் 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு இத்தடுப்பூசி ஊக்குவிக்கப்படும் என்றார். மறுநாளே ஒரு நடிகை இந்நோயால் இறந்துவிட்டதாகப் பொய்ச்செய்தி பரப்பப்பட்டது. நாடு அறிக்கையை மறந்து நடிகையைப் பேசியது. 2024உம் 2025உம் நாடு தழுவிய ஊசியின்றியே கழிந்தன. 2018இலேயே சிக்கிம் தன் சிறுமிகளில் மிகப் பெரும்பாலோருக்குச் செலுத்தி முடித்திருந்ததை வைத்துப் பார்த்தால் இந்தத் தயக்கத்துக்குப் பணப்பற்றாக்குறை காரணமாகத் தெரியவில்லை. தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் இதற்கென 36 கோடி ரூபாய் ஒதுக்கியது.

ஊசியின் தேர்விலும் மருவின் கேள்வி மீண்டும் வருகிறது. இரு வகைகளை மட்டும் தடுக்கும் ஊசி புற்றைத் தடுக்கும், மருவைத் தடுக்காது. 6, 11, 16, 18 என நான்கையும் தடுக்கும் ஊசி இரண்டையும் தடுக்கும். மரு கொல்லாதபோது அதற்கேன் செலவு என்று கணக்கர் கேட்கலாம். ஆஸ்திரேலியா 2007இல் நான்கு வகை ஊசியைச் சிறுமிகளுக்குச் செலுத்தத் தொடங்கியது. நான்கே ஆண்டுகளில் 21 வயதுக்குட்பட்ட பெண்களிடையே புதிய மரு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. புற்று குறைவதைக் காண இருபது ஆண்டு காத்திருக்க வேண்டும். மரு குறைவதை ஒரு அரசின் ஆயுளுக்குள்ளேயே மக்கள் கண்ணால் காணலாம். தடுப்பூசி மீது நம்பிக்கை வளர இதைவிட எளிய சான்று இல்லை. அந்நாடு 2013இல் சிறுவர்களுக்கும் ஊசியை விரிவுபடுத்தியது. வைரஸைச் சுமப்பவர்களில் ஆண்களும் உண்டு என்பது இந்திய விவாதத்தில் அநேகமாக எழுவதே இல்லை.

நம்பிக்கையின்மை கேரளத்துக்குப் புதிதன்று. 2017இல் தட்டம்மை, ரூபெல்லா ஊசிக்கு மலப்புறத்தில் எழுந்த எதிர்ப்பு நினைவிருக்கும். இந்த ஊசி பெண் குழந்தையின் கருவளத்தைக் கெடுக்கும், ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்ற வதந்திகளுக்குக் குறைவிருக்காது. தமிழகம் 2000களின் தொடக்கத்தில் புள்ளிராஜா விளம்பரத்தால் சுவர்தோறும் எய்ட்ஸைப் பேசவைத்தது. அந்த விளம்பரத்தின் மீது குறைகளும் கூறப்பட்டன. ஆயினும் பேசக்கூடாத சொல் தேநீர்க்கடைப் பேச்சானது. பாப்பிலோமா வைரஸுக்கு அத்தகைய துணிவு இதுவரை எந்த அரசிடமும் காணப்படவில்லை. 'பெண்கள் நலம்' என்ற பொதுவான போர்வைக்குள்ளேயே அது ஒளிந்துகொண்டிருக்கிறது.

எல்லாவற்றையும்விட எளிதில் திருத்தக்கூடிய தவறு ஒன்று உண்டு. பால்வினை நோய்ச் சிகிச்சை எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் துறையின் கீழ் வருகிறது. கேரளத்தில் அதற்கான மையங்களுக்குப் 'புலரி' என்று பெயர். புற்றுநோய்ப் பரிசோதனை தொற்றாநோய்ப் பிரிவின் பொறுப்பு. ஊசியோ தடுப்பூசிப் பிரிவைச் சேர்ந்தது. ஒரே வைரஸுக்குத் தில்லியில் மூன்று மேசைகள். மருவுக்காக வரும் பெண்ணின் மருவைச் சுட்டு நீக்கிவிட்டு அனுப்பிவிட்டால் முதல் மேசையின் கடமை முடிந்தது. அவளுக்கு முப்பது வயது கடந்திருந்தால் அன்றே, அதே இடத்தில் கருப்பைவாய்ப் பரிசோதனையும் செய்ய வேண்டும் என்பது யாருடைய இலக்கிலும் கணக்காகச் சேர்வதில்லை. இத்தனை வெட்கத்தைக் கடந்து ஒருமுறை வந்தவள், இன்னொரு நாள் இன்னொரு வாயிலில் மீண்டும் வருவாள் என்று எதிர்பார்ப்பது பேதைமை.

மட்டாஞ்சேரியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான அரசு மருத்துவமனை இருக்கிறது. மூன்று மேசைகளையும் ஒன்றாக்கிப் பார்க்க விரும்பும் அரசுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் அரிது. வைரஸ் சோதனைக்கான மாதிரியைப் பெண் தானே எடுத்துக் கொடுக்கலாம் என்பதை உலக சுகாதார அமைப்பு ஏற்றுள்ளது. வாத்துருத்தியிலிருந்து வரும் பெண் மருத்துவர் முன் படுக்க வேண்டிய கூச்சமின்றி ஒரு குச்சியில் மாதிரி எடுத்துத் தந்துவிட்டு அன்றைய கூலி வேலைக்குப் போகலாம். முடிவு பாதகமாக இருந்தால் மட்டும் அழைத்தால் போதும். அழைப்பது அவள் கைபேசிக்கு, அவள் மொழியில் இருக்க வேண்டும்.

பள்ளியில் ஊசி போடும் நாளுக்கு முன் வீட்டுக்கு வரும் ஒப்புதல் படிவத்துக்கும் இது பொருந்தும். கம்மத்தில் பெற்றோர் கேட்கப்படவேயில்லை. கொச்சியில் கேட்கப்பட்டும் விளங்காமற் போகக்கூடாது. அந்தத் தாள் மலையாளத்தில் மட்டும் அச்சாகாமல் தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் அச்சாக வேண்டும். படிக்கத் தெரியாத தாய்க்கு ஆஷா பணியாளர் மாலையில், வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில், சென்று படித்துக்காட்ட வேண்டும். அந்தக் கூடுதல் நேரத்துக்கு அவருக்குத் தனியாகப் படி வழங்கப்பட வேண்டும்.